நௌஃபர் நடத்திய போர்டு விசாரணை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது முதற் சாதனை என்றால், தில்லையடி நௌஃபர் தன் வீட்டுப் பிரிட்ஜைச் சுவரோரத்திலிருந்து இழுத்துத் திருப்பி வைத்தது இரண்டாவது சாதனை. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை.

அன்று காலை பிரிட்ஜுக்குள் விளக்கு எரிந்தது, குளிர் இல்லை. உள்ளே, பக்கத்துத் தெருக் கலியாணத்துக்காக அவர் மனைவி ஸுஹைரா விடியுமுன் எழுந்து முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்து அவித்து அடுக்கிய வட்டிலப்பத் தட்டுகள். அந்த வீட்டில் உலை கொதிப்பதே அவளுடைய வட்டிலப்பத்தால்தான். நௌஃபர் 'ஆலோசகர்'. எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

"பிரிட்ஜ் திருத்துற றிப்தி பாஸுக்கு ஒரு கோல் எடுங்களே," என்றாள் ஸுஹைரா.

"இது போர்டுட பிழை. போர்டுதான் பிரிட்ஜுக்கு மூளை. அதுல மூளை உள்ளவன்தான் கை வைக்கணும்."

"அதான், றிப்தி பாஸக் கூப்பிடச் சொல்ற."

நௌஃபர் பின்மூடியைக் கழற்றி, பச்சை நிறப் போர்டை வெளியே எடுத்தார். கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் விளக்கமளித்துக்கொண்டிருந்தார். அன்னாரின் மொழி நௌஃபருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையசைப்பில் இருவருக்கும் பூரண உடன்பாடு நிலவியது.

"தட்டுகள பக்கத்து வீட்டு ஷஃபீனாட பிரிட்ஜுல வச்சிட்டு வாறன்," என்று ஸுஹைரா கை நீட்டினாள்.

"விசாரணை முடியாம ஒண்டையும் அசைக்கப்படா."

போர்டைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். ஊதினார். திருப்பிப் பூட்டியபோது ஒரு வயர் மிஞ்சியது. அதை 'மேலதிக வயர்' எனத் தீர்மானித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிளக்கைச் செருகினார். 'டப்' என்றது. கருகல் மணம் வந்தது. காலையில் எரிந்த விளக்கும் இப்போது எரியவில்லை.

"இப்பதான் பிழை தெளிவாத் தெரியிது," என்றார் நௌஃபர்.

புத்தளத்து வெயிலுக்கு விசாரணை நடப்பது தெரியாது. பின்னேர அஸர் தொழுகைக்குள் வட்டிலப்பம் புளித்து நுரைத்தது. ஸுஹைரா தட்டுத் தட்டாகக் கொல்லைக் குழியில் வழித்துக் கொட்டினாள். தேங்காய்ப்பாலும் ஏலமும் மணத்த கையை நெடுநேரம் கழுவினாள்.

மாலையில் கலியாணப் பொண்ணின் வாப்பா ஹாசிம் ஹாஜியார் தட்டுகளை ஏற்றிப்போக வேனோடு வந்து நின்றார். ஸுஹைரா வாய் திறக்குமுன் நௌஃபர் அறிக்கை சமர்ப்பித்தார்:

"தொழில்நுட்பக் கோளாறு ஹாஜியார். நான் எவ்வளவோ போராடினேன். ஆனா அடிப்படைக் காரணம் வேற. இவ சும்மா சும்மா கதவத் தொறந்த."

ஹாஜியார் ஸுஹைராவைப் பார்த்தார்.

"ஓம் ஹாஜியார், எண்ட பிழைதான்," என்றாள் அவள். "இவர் என்னப் பொண் பாக்க வந்த அண்டைக்கும் நான்தான் கதவத் தொறந்த."