மொட்டை மாடியிலிருந்து தெரிகிற வேலை

மகள் அர்ஃபா பார்க்கப்போகிற வேலை, வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அமானுல்லா எடுத்த முடிவு இது. முடிவெடுத்த கையோடு டீ டம்ளரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். கைப்பிடிச் சுவரோரம் நின்று விருத்தாசலத்தை நாலு பக்கமும் நோட்டம் விட்டார்.

கிழக்கே பெட்ரோல் பங்க். வெயில். பொண்ணுக்கு ஆகாது. மேற்கே ஜவுளிக்கடை. நாள் பூரா நிற்கணும், கால் வலிக்கும். தெற்கே கோயில் கோபுரம். அங்கே நமக்குச் சிபாரிசு கிடையாது. வடக்கே திரும்பினார். கூடப் படித்த பழமலையின் பீங்கான் பட்டறை, தகரக் கூரையும் புகைபோக்கியுமாகப் பளிச்சென்று தெரிந்தது. புகை கூட நேராக இவர் வீட்டைப் பார்த்துத்தான் வந்தது. இவ்வளவு பக்கத்தில் வேலையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அமானுல்லாவின் அவஸ்தை அமானுல்லாவுக்குத்தான் தெரியும். அர்ஃபா பிறந்த மூன்றாம் மாதம் விமானம் ஏறினவர். சவுதியில், தம்மாமில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை. இருபத்தோரு வருஷம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ரெண்டு மாசம் லீவு. முதல் லீவில் வந்து இறங்கியபோது பிள்ளை அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாரு" என்று கேட்டது. பல் முளைத்ததைப் போனில் கேட்டார். சைக்கிள் ஓட்டக் கற்றதைப் போட்டோவில் பார்த்தார். மகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் மொத்தமே இருபது மாசம்தான் தேறும். போன நோன்புப் பெருநாளுக்கு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். இனிமேல் மகள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று எத்தனை ஆசையோடு வந்தார் தெரியுமா. வந்த ஆறாம் மாசம், செராமிக் டிப்ளமோ முடித்த மகள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அத்தா, ஓசூருக்கு வேலைக்குப் போறேன்."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மாடி ஏறினார். இப்போது இறங்கி வந்தார்.

"சுல்தானா, ஏன் ஓசூரு? இந்த ஊர்ல வேலையே இல்லியா?"

மனைவி சுல்தானா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அங்க பெரிய டைல்ஸ் கம்பெனிங்க. ஹாஸ்டலு தராங்க. போன்லயே ரெண்டு தடவை இன்டர்வியூ எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? எப்ப?"

"நீங்க மாடியில நின்னுகிட்டு இருந்தப்ப."

அமானுல்லா விட்டுவிடுகிற ஆளா. திங்கட்கிழமை காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பழமலையைப் பார்க்கப் போனார்.

"பழமலை, உன் பட்டறையில எம்பொண்ணுக்கு ஒரு வேலை போட்டுக் குடுடா."

பழமலை சுடாத கப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். "லாரியில ஏத்தி அனுப்புற செக்ஷன்ல ஆள் வேணும்தான்டா. போட்டிருந்த ஆளு வெளியூர் போயிட்டான். ஆனா பெட்டி கட்டத் தெரியணும். போன வாரம் திட்டக்குடிக்குப் போன சரக்குல பாதி ஒடைஞ்சு திரும்பிடுச்சு. பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

"எம்பொண்ணுடா அவ."

"வியாழக்கெழமை கூட்டியா. கட்டிக் காட்டட்டும்."

பெட்டி கட்டுகிறவன் மகளுக்குப் பெட்டி கட்டுகிற பரீட்சை. அமானுல்லா வீட்டுக்கு வருகிற வழியிலேயே பால்கோவா வாங்கிவிட்டார். ரெண்டு நாள் பொறுத்து, ஓசூரிலிருந்து வேலை ஆர்டர் வந்த புதன்கிழமை சாயங்காலம், சுல்தானா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, இப்டி இழுத்துகிட்டே போனா அந்தப் புள்ள என்ன பண்ணும்? ஒரு பேச்சுக்கு வாங்க."

"சொல்லு."

"நாளைக்கு நீங்க பாத்த வேலை அர்ஃபாவுக்குக் கெடைச்சா அவ இங்கயே இருக்கட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்த வேலையை வேற யாராச்சும் வாங்கிட்டா அவ ஓசூருக்குப் போவட்டும். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அமானுல்லாவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பழமலை நம்ம ஆளு. வேற யாராச்சும் எங்கேயிருந்து வரப்போகிறான்?

"சம்மதம். பேச்சு மாறக் கூடாது."

"நான் என்னைக்கு மாறுனேன்? அர்ஃபா, கேட்டுக்க. அத்தா சம்மதிச்சிட்டாங்க."

உள்ளேயிருந்து அர்ஃபா, "கேட்டுச்சும்மா" என்றாள். குரலில் வருத்தமே இல்லை. அப்போதாவது மனுஷன் யோசித்திருக்கலாம். பால்கோவா தின்றுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஸ்கூட்டரில் மகள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஜங்ஷன் ரோட்டில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஓசூர்ல அப்டி என்னதாம்மா இருக்குது?"

"சூளை அத்தா. நான் படிக்கிறப்ப சுட்டதெல்லாம் சின்ன சூளை. ஒரு தடவைக்கு நாப்பது கப்பு. அங்க சூளை நூறு மீட்டர் நீளம். இந்தப் பக்கம் மண்ணு உள்ள போவும், அந்தப் பக்கம் டைல்ஸா வெளிய வரும். ராப்பகலா அணையவே அணையாது. வீடியோல நூறு தடவை பாத்துட்டேன். நேர்ல நிக்கணும் அத்தா. அந்தச் சூடு மூஞ்சில படணும்."

இருபத்து நாலு வயசில், விமானம் எப்படி இருக்கும் என்று ஒரு காலண்டர் படத்தை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் பார்த்தவர் அமானுல்லா. மகள் குரலில் அது அப்படியே இருந்தது. கேட் திறந்ததும் ஸ்கூட்டரை முடுக்கிவிட்டார். பாசத்தில் மனுஷன் கொஞ்சம் கெட்டவனாகத்தான் ஆகிப்போகிறான்.

பட்டறையில் பழமலை எல்லாம் எடுத்து வைத்திருந்தார். ஒரு அட்டைப்பெட்டி, ஒரு கட்டு வைக்கோல், பழைய பேப்பர், கயிறு. இருபத்து நாலு டீ கப்பு, ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி.

"எல்லாம் இதுக்குள்ள போவணும்மா. அப்பறம் இடுப்பு ஒசரத்துலேருந்து கீழ போடுவேன். ஒண்ணும் ஒடையக் கூடாது. அமானு, நீ அங்க நில்லு. வாயத் தொறக்காத. பரீட்சை."

அமானுல்லா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அர்ஃபா பெட்டியைத் திறந்தாள். அடியில் வைக்கோல் போடவில்லை. வெறும் அட்டை மேல் கப்புகளை வைத்தாள். கப்போடு கப்பு இடித்து டிங் என்றது. அமானுல்லாவுக்குப் பல் கூசியது.

"அர்ஃபா, அடியில வைக்கோலு..."

"அமானு," என்றார் பழமலை.

வாயை மூடிக்கொண்டார். அர்ஃபா கப்புகளின் தலையில் ஜாடியைத் தூக்கி வைத்தாள். கனமான சாமான் மேலே. அமானுல்லாவின் பின்னால் கட்டின கையில் விரல்கள் தாமாக அசைந்தன. வைக்கோலை அவள் கடைசியில், பூ தூவுகிற மாதிரி, மேலாகத் தூவினாள். அப்புறம் கயிற்றை எடுத்தாள். ஒரே ஒரு சுற்று. மேலே சடைக்கு ரிப்பன் கட்டுகிற மாதிரி ஒரு பூ முடிச்சு.

பூ முடிச்சு. கார்ட்டன் பெட்டிக்கு. அமானுல்லாவின் கண்ணுக்கு முன்னால்.

"நவுரு," என்றார்.

அப்புறம் அவர் யாரையும் பார்க்கவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அடியில் நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் மெத்தை. நடுவில் ஜாடி. ஜாடிக்குள்ளே ஆறு கப்பு, ஒவ்வொன்றுக்கும் பேப்பர் சட்டை. சுற்றிலும் மிச்சம் பதினெட்டு, இடுக்கில் எல்லாம் வைக்கோல் திணிப்பு. பெட்டியைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டார். சத்தமில்லை. கயிறு குறுக்கே ரெண்டு, நெடுக்கே ரெண்டு, காலால் மிதித்து இழுத்து ஒரு முடிச்சு, அதன் மேல் பூட்டு முடிச்சு. சட்டைப் பையிலிருந்து தடித்த மார்க்கர் பேனாவை எடுத்தார். பழக்கம் விடுமா. நாலு பக்கமும் விலாசம் எழுதினார். சுல்தானா, விருத்தாசலம். இருபத்தோரு வருஷமாக எழுதின அதே விலாசம். எழுந்து, பெட்டியைத் தூக்கி, இடுப்பு உயரத்திலிருந்து தாமே தரையில் போட்டார். தொம்மென்றது.

பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கப்பில் கீறல் கூட இல்லை. சுற்றி நின்ற பட்டறைப் பொம்பளைங்க கை தட்டினார்கள்.

"வேலை உனக்குத்தான்டா," என்றார் பழமலை. "திங்கக்கெழமை வந்துடு."

அமானுல்லா துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தார். "இருபத்தோரு வருஷ சர்வீஸுடா," என்று ஆரம்பித்தவர், பாதியில் நின்றார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

"ஆமாம்மா. வேற ஒருத்தர் வாங்கிட்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் அமானுல்லா சட்டம் பேசினார். "அது ஏமாத்து வேலை. வேணும்னே தப்பாக் கட்டினா."

"தப்பாக் கட்டச் சொன்னது நான்தான்," என்றாள் சுல்தானா. "நீங்க கையைக் கட்டிகிட்டு நின்னிருக்கலாம்ல? அந்தப் பொட்டியோட எங்க திட்டமும் ஒடைஞ்சு போயிருக்கும். பழமலை அண்ணனும் பாவம்னு அவளையே எடுத்திருப்பாரு."

அமானுல்லா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சுல்தானாவே மெல்லச் சொன்னாள். "நீங்க போறப்ப நான் ஒரு தடவையாவது தடுத்தேனா?"

ஞாயிற்றுக்கிழமை மகளின் பெட்டியை அவர்தான் கட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. மிளகாய்ப் பொடி டப்பாவுக்குக் கூட பேப்பர் சட்டை. கடைசியில் மார்க்கரைத் திறந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கை விருத்தாசலம் என்றே எழுதப் போனது. முதல் தடவையாக வேறு ஊர் பெயரை எழுதினார்.

சேலம் வண்டி ஜங்ஷனில் பத்து நிமிஷம் நின்றது. ஜன்னல் வழியாக அர்ஃபா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க அத்தா. லீவு கெடைச்சதும் ஓடி வந்துடுவேன்."

அவர் பத்து தடவை சொன்ன வார்த்தைதான். நிற்கிறவர்கள் காதில் அது எப்படி விழும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டி கண்ணுக்கு மறைகிறவரை கை ஆட்டினார். பக்கத்தில் சுல்தானா கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"உனக்கு அழுவையே வரலியா?"

"பழகிப்போச்சுங்க. வாங்க, போவலாம்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு சுல்தானா வாசலில் நின்று டிபன் பாக்ஸைக் கொடுத்தாள். அதோடு கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை. பழமலை பட்டறையின் அடையாள அட்டை. அதில் மீசை கறுத்த ஒரு இளந்தாரி முறைத்துக்கொண்டிருந்தான். முதல் விசாவுக்கு எடுத்த போட்டோ. மூலை மழுங்கியிருந்தது. சுல்தானாவின் பர்ஸில் இருபத்தோரு வருஷம் கிடந்த போட்டோ அது.

அமானுல்லா அட்டையைத் திருப்பினார். பழமலை கையெழுத்து. கீழே தேதி. போன வாரச் செவ்வாய்க்கிழமை. அவர் பேச்சுக்குச் சம்மதித்தது புதன்கிழமை. மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

சுல்தானா அவர் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டாள். "வேலையை நல்லாத்தான் தேடியிருக்கீங்க. மாடியில நின்னு பாத்தேன், பட்டறை வாசல் வரைக்கும் தெரியுது."