ரெக்ஸின் பூதம்

"டைட்டில்ல உங்க பேரே இல்லையாம் வாப்பா," என்றாள் மகள் அஃப்னா. "நீங்கதான் பூதம்னு எப்படி நம்புறதுன்னு கேக்குறாங்க."

கௌஸ் முகைதீனுக்குச் சுருக்கென்றது. வளைகுடா ஊரான முவைலாவில் அவருடைய சோபா தைக்கும் கடைக்குள் விளக்கும் கேமராவும் வைத்தபிறகா இந்தக் கேள்வி? எதிரே இத்தாலிக்காரி சில்வியா பணிவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பல வருடங்களுக்கு முன், ஜெபல் அலியில் ஒரு கிடங்கையே விண்கலம் என்று சாதித்து, ஓர் இத்தாலிக் கம்பெனி விண்வெளிப் பேய்ப்படம் எடுத்தது. விண்கலத்துக்குத் தகரமும் தெர்மாகோலும், பூதத்துக்குக் கௌஸ் கடை ரெக்ஸினும்தான் மொத்த முதலீடு. வந்த வேகத்தில் படுத்துவிட்ட அந்தப் படத்துக்கு இப்போது ஐரோப்பாவில் கிறுக்குப் பிடித்த ரசிகர்கள். அது உருவான கதையை ஆவணப்படமாக எடுக்கத்தான் சில்வியா வந்திருந்தாள்.

"ரோம்ல ஒருத்தர் நான்தான் அந்தப் பூதம்னு ஊர் ஊராப் போய்க் கையெழுத்துப் போடுறாராம்," என்று அஃப்னா மொழிபெயர்த்தாள்.

"அவனை ஜூலை மாசம் இங்க வரச் சொல்லு. ரெக்ஸினைச் சுத்திக்கிட்டு மத்தியானம் நிக்கட்டும். அப்புறம் போடட்டும் கையெழுத்து."

தையல் மிஷினிலிருந்து அவர் மனைவி ஆபிதா தலை தூக்கினார். பூதத்தின் தோலைத் தைத்ததே அவர்தான். கிழியக் கிழிய ஒட்டுப் போடுவதற்காகப் பூதக் காட்சிகள் எடுத்த அந்த ஒரு நாள் முழுக்கக் கிடங்கிலேயே இருந்தவர். "விடுங்க மச்சான். எவன் பேரைப் போட்டா நமக்கென்ன."

"விட மாட்டேன் புள்ள. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் உக்கார சோபா தச்சாச்சு. எனக்குன்னு இருக்குறது இது ஒண்ணுதான். இதையும் ஒருத்தன் தூக்கிட்டுப் போவான், நான் பாத்துட்டு இருக்கணுமா?"

மேசையை நகர்த்திவிட்டுப் பூதநடை நடந்து காட்டினார். சில்வியா மடிக்கணினியில் படத்தை ஓட்டினாள். அதில் பூதம் வலது காலை இழுத்து நடந்தது. கௌஸ் இடது காலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"வயசாச்சுல்ல, கால் மாறிடுச்சு," என்றார். அதை அஃப்னா மொழிபெயர்க்கவில்லை.

சரி, இதற்கும் வழி இருந்தது. இந்த நாளுக்காகவே ரகசியமாகத் தைத்து வைத்திருந்த புதுப் பூத உடையை இறக்கி மாட்டிக்கொண்டார். ஜிப் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சோபா வாங்க வந்த குடும்பம் வாசலோடு திரும்பிப் போனது. சில்வியா திரையில் இருந்த பூதத்தையும் கௌஸையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள்.

"படத்துல பூதம் ஒரு சாண் குட்டையாம் வாப்பா."

"வெயில்ல சுருங்கியிருப்பேன்னு சொல்லு."

"நடிச்ச சீன் எதுவாச்சும் ஞாபகம் இருக்கான்னு கேக்குறாங்க."

"உசுரைக் குடுத்து நடிக்கிறவனுக்கு ஞாபகம் எப்படி இருக்கும்? கடைசி சீனை முடிச்சுட்டு மயங்கி விழுந்தவன் நான். கண்ணு முழிக்கிறேன், மொத்த யூனிட்டும் கைதட்டுது. அது ரோம்காரனுக்கா தட்டுனாங்க?"

சில்வியாவின் ஆள் விளக்கை அணைக்கப் போனான். ரெக்ஸினுக்குள்ளிருந்து குரல் கணீரென்று வந்தது.

"கையை எடு. என்கிட்ட சாட்சி இருக்கு. அஃப்னா, ஹஸ்னைனுக்குப் போன் போடு."

ஹஸ்னைன் அந்தக் கிடங்கில் அப்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், கௌஸின் பழைய சிநேகிதர். பெயரைக் கேட்டதும் ஆபிதா எழுந்தே விட்டார்.

"அவரை எதுக்கு இழுக்குறீங்க? நான் சொல்றேன், போதும் மச்சான். கலாஸ்."

"உலகமே நம்பலைன்னாலும் நீ நம்பணும்."

"நான் நம்புறேன்," என்று சொல்லி ஆபிதா மீண்டும் மிஷினில் குனிந்துகொண்டார். கௌஸுக்கு அது போதவில்லை.

பக்கத்துத் தெருவில் டெலிவரிக்கு வந்திருந்த ஹஸ்னைன் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சில்வியா சட்டென்று கேமராவை அவர் பக்கம் திருப்பி, அன்று பூதத்துக்குள் இருந்தது யார் என்று கேட்டாள்.

"உள்ளதைச் சொல்லு பாய். யாருக்கும் பயப்படாதே," என்று பூதம் மார்தட்டியது.

ஹஸ்னைன் தையல் மிஷின் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு கிடங்கில் கற்ற தமிழில் சொன்னார்:

"ஆபிதா பாபி உன்கிட்ட இன்னுமா சொல்லல? ஜிப் போட்டதுமே நீ விழுந்துட்ட பாய், சாயங்காலம் வரைக்கும் பூதமா நின்னது அவங்கதான்."