ரத்தம் கக்கிய எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழம் ரத்தம் கக்குகிறதாம்! ராயபுரமே திரண்டுவிட்டது. துறைமுகக் கூலிகள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கோயிலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர், மசூதிக்குப் போகிறவர் எல்லாரும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். நாட்டுக்கு வராத ஒற்றுமை பேய்க்கு வந்திருந்தது!

விஷயம் இதுதான். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே ஓடியபோது, சங்கரநாராயணன் இந்தத் தெருவிலிருந்த தன் ஜவுளிக்கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். சண்டை முடிந்து திரும்பியவர் வண்ணாரப்பேட்டையில் புதுக்கடை போட்டார். பழைய கடை ஒன்பது வருஷமாகப் பூட்டியே கிடந்தது. வாசலில் குப்பை சேர்ந்தது. ஆள் நடமாட்டம் குறைந்தது. பக்கத்து வெற்றிலைக்கடை மூடியது; அடுத்த தையற்கடையும் மூடியது. ஏன் என்று யோசிக்கலாம். யோசிப்பது கஷ்டம். பேய் என்பது சுலபம்!

அந்தச் சுலபத்தை விற்க வந்தவர் ஒரு ஜடாமுடிச் சாமியார். "உள்ளே கன்னிப்பேய் உறைகிறாள். கதவைத் திறந்தால் தெருவே நாசம்!" என்றார். வெள்ளிதோறும் உச்சிவேளையில் கடை வாசலில் பழம் அறுப்பார். சிவப்பாய்ச் சொட்டும். கடைக்காரர்கள் பயந்துபோய்ச் சேவலும் தேங்காயும் படைப்பார்கள். பேய்க்கு நல்ல பசி!

தெருமுனையில் இட்லி விற்ற பவுனம்மாளுக்கு அந்தக் கடையில் சாப்பாட்டுக்கடை வைக்க ஆசை. வாடகைக்குக் கேட்டாள்.

"வேண்டாம் தாயி. பேய் அடிச்சு நீ செத்தா பாவம் எனக்குல்லா வரும்!" என்று கைகூப்பினார் சங்கரநாராயணன்.

அதே தெருக் குடை ரிப்பேர்க்காரர் கலீலுல்லாவோ சாமானைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"யாவாரமே இல்லக்கா. நானும் கடைய மூடிக்கினு போறேன்."

அவர் கண் கலங்கியது. பவுனம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அரிவாள்மணையோடு கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"சாமி, உன் பழத்த என் அருவாமணையில அறு."

சாமியார் விழித்தார். "அறுங்க சாமி!" என்றது கூட்டம். அறுத்தார். வெறும் சாறு வந்தது.

"இன்னா சாமி, பேய் லீவுல பூட்ச்சா?"

"உன் தீட்டுப் பட்டு ஒளிந்துகொண்டது!" சாமியார் சீறினார்.

"அப்டியா?" அவர் கத்தியைப் பிடுங்கித் தன் மடியிலிருந்த பழத்தை அறுத்தாள். சிவப்பு வழிந்தது.

"இது காலைல நான் மார்க்கெட்ல வாங்குனது. பேய் கடைல இல்லய்யா, இவன் கத்தில கீது! செம்பருத்திப் பூவத் தேச்சுக் காயவச்சா, புளிப்புப் பட்டதும் செவக்கும்!"

அடுப்படியில் நிற்பவளுக்குத் தெரிந்தது, கூட்டத்தில் நின்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் நின்ற சங்கரநாராயணனே முன்னால் வந்து பூட்டைத் திறந்தார். பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்திருந்தது. உள்ளே பாய், அடுப்பு, ஒரு கூடை கோழி இறகு. வாடகை தராமல் குடியிருந்த பேய், ஜடாமுடி பறக்கக் கடற்கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் பவுனம்மாள் கடை திறந்தாள். சாப்பிட்டவன் வெற்றிலை கேட்டான், வெற்றிலைக்கடை வந்தது. கூட்டத்தைக் கண்டு தையற்காரரும் திரும்பினார். கலீலுல்லா கட்டிய சாமானை அவிழ்த்தார்.

சாமியார் இப்போது திருவொற்றியூரில் உலவுகிறாராம். அவருக்குப் பூட்டிய கடைகூட வேண்டாம். பூட்டிய மூளை நாலு கிடைத்தால் போதும். உங்களுடையதை எப்போது திறப்பதாக உத்தேசம்?