மொட்டைக் குத்தி

அக்கராயன் குளத்துக் கதவைச் சிறுபோக விதைப்புக்குத் திறந்த அன்று ஊர் ஆம்பிளையள் எல்லாரும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். பரமலிங்கம் பூதக்கண்ணாடியைத் தூக்கினார். இனிச் சேற்றில் கால் வைப்பதில்லை என்று முடிவுகட்டியிருந்தார்.

காரணம், சங்கக்கடையில் சீனி வாங்கிய மிச்சத்தில் வந்த ஓர் அஞ்சு ரூபாக் குத்திக்காசு. ஒரு பக்கத்தில் அஞ்சு இருந்தது. மறுபக்கம் அச்சே விழாத வெறும் மொட்டை. பிழையாய் அடிபட்ட காசுகளை ஏழு வருஷமாகச் சேர்க்கிற மனிசன் அவர். ஓரம் கடிபட்டது, எழுத்து இரட்டையாய் விழுந்தது என்று ஒரு தகரப் பேணி நிறைய வைத்திருந்தார். மொட்டை இதுதான் முதல். கொழும்பில் இதற்கு லட்சம் தருவினம் என்று யூரியூப்பில் ஒருத்தர் சொல்லியிருந்தாராம்.

விதைநெல் சாக்கோடு கிடக்குது, தண்ணி முறை போனால் போனதுதான் என்று மனைவி விமலேஸ்வரி மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். நாலாம் தரம் சொல்லவில்லை. பரமலிங்கம் பேணியை அலுமாரிக்குள் பூட்டி, திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டு, கொழும்புக்குக் கடிதம் எழுதக் குந்தினார்.

மத்தியானம். எல்லாரும் வயலில். ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தூக்கினார். கீழே அந்தக் குத்தி, மொட்டைப் பக்கத்தால் அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி. திறப்பு அரையில். மற்றக் காசெல்லாம் பேணிக்குள். விமலேஸ்வரியைக் கேட்க, தான் தொடவே இல்லை என்றார். திரும்பவும் உள்ளே வைத்துப் பூட்டினார்.

அடுத்த நாள் செம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணி குடித்தார். பல்லில் ஏதோ தட்டியது. துப்பினார். அதே மொட்டை.

சண்டை முடிந்து இந்த வளவுக்குத் திரும்பி வந்த புதிதில், கொத்திய இடமெல்லாம் ஒற்றைச் செருப்பு, சட்டைப் பொத்தான், உடைந்த மூக்குக்கண்ணாடி என்று வந்துகொண்டிருந்தது. ஆருடையது என்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. இதிலும்தான் எழுதியிருக்கவில்லை. பரமலிங்கத்துக்குக் கை கூசியது.

"அது உங்களைத் தேடி வீட்டுக்கை திரியுது போலை," என்றார் விமலேஸ்வரி. "வயலுக்கு வராது எண்டு நினைக்கிறன்."

குத்தியைத் திரும்பவும் பூட்டிவைத்துவிட்டு அன்றே வயலில் இறங்கினார். பொழுதுபடும்வரை ஏறவில்லை. காசு வரவுமில்லை. மறுநாள் கடைசிச் சாக்குக்குள் கையை விட்டார். நெல்லுக்கு நடுவே ஏதோ குளிர்ந்தது. இழுத்தால், மொட்டை.

அதை அப்படியே வாய்க்காலில் வீசினார். விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. ஒருத்தருக்கும் சொல்லாமல் மிச்ச நெல்லையும் விதைத்துவிட்டு வந்தார்.

இரண்டு கிழமையில் வயல் பச்சையாகி நின்றது. ஒருநாள் குசினியில் நெருப்புப் பெட்டி தேடியபோது, உப்புப் போத்தலுக்குப் பின்னால் அலுமாரியின் இன்னொரு திறப்பு அகப்பட்டது. அதை விமலேஸ்வரியின் மூக்குக்கு முன்னால் ஆட்டினார்.

"ஓம், நான்தான். தட்டுக்குக் கீழையும் நான்தான், செம்புக்குள்ளையும் நான்தான். இல்லாட்டி இந்த நேரம் வயல் தரிசாயெல்லோ கிடந்திருக்கும்."

நெஞ்சுக்குள் கிடந்த கல்லு இறங்கியது. லட்சம் தண்ணியோடு போன கவலைகூட வரவில்லை. பரமலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

"கெட்டிக்காரிதானப்பா. ஆனால் அந்தச் சாக்குத்தான் என்னைப் பயப்பிடுத்திப்போட்டுது."

விமலேஸ்வரி அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்ன சாக்கு? வயலுக்குப் போகாமல் நிக்க இன்னொரு சாக்கோ?"

"விதைநெல் சாக்கப்பா. அதுக்குள்ளை குத்தியைப் போட்டதும் நீதானே?"

"சாக்கை நான் தொடேல்லை."

அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார் பரமலிங்கம். பகிடி விடுகிற முகமாகத் தெரியவில்லை. அன்று தண்ணி முறை இல்லை, பிடுங்கக் களையும் இல்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வயலுக்கு நடந்தார்.

இப்போதெல்லாம் சங்கக்கடையில் மிச்சக் காசைக் குத்தியாய் நீட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதற்குப் பதிலாய் இனிப்பு ரொபி கேட்கிறார்.