சம்பந்தி வீட்டார் பசியோடு திரும்பியது பற்றி

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு (இப்படி அழைக்கும் உரிமை இன்றைய தேதியில் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இல்லையென்றால் அதை அடித்துவிட்டு 'ஐயா' என்று வாசித்துக்கொள்ளவும்),

மாப்பிள்ளையின் அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மகனும் நலம். என் மனைவி ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து நலமாக இல்லை. அங்கு உங்கள் எல்லோருடைய வயிறும் இதற்குள் நலமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று தரகர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பொண்ணு வீட்டுக்காரங்களைப் பட்டினி போட்டு அனுப்பிட்டீங்களே சார், இந்தச் சம்பந்தம் இனிமே நடக்குமா?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய நீங்கள் பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள ஓட்டலில் நுழைந்து, சர்வர் திகைத்துப்போகும் அளவுக்குச் சாப்பிட்டதாகச் சொன்னார். கேட்டதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "போன்ல பேசினா நீங்க இன்னும் ஏதாவது உளறி வைப்பீங்க. உட்கார்ந்து மன்னிப்புக் கடுதாசி எழுதுங்க" என்றாள். இப்போது பக்கத்திலேயே பீன்ஸ் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வப்போது எட்டிப் பார்க்கிறாள். கையில் கத்தி இருப்பதால் உண்மையை மட்டும் எழுதுகிறேன்.

அன்று மாப்பிள்ளை வீடு பார்க்க நீங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தீர்கள். சமையல் அவள் பொறுப்பு, உபசரிப்பு என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டதுதான் முதல் தப்பு. பாத்திரங்களையெல்லாம் மேஜை நடுவில் வைத்து, "வேணுங்கிறதை எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். ஏதோ பிரார்த்தனை போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதைக்கு நானும் கொஞ்சம் மெதுவாக மென்றேன். அப்புறம் உங்கள் வீட்டம்மா தானே கரண்டியை எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அது தீர்ந்ததும் "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் தட்டுக்கு மேல் கையை விரித்து "போதும் போதும்" என்றீர்கள். சரி என்று பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய்விட்டேன். குழம்பும் அப்படியே போயிற்று, இனிப்பும் அப்படியே போயிற்று. அடுக்களையில் வந்து சேர்ந்ததைப் பார்த்து இவள், "ஏங்க, எத்தனை தடவை கேட்டீங்க?" என்றாள். "ஒரு தடவை" என்றேன். அதற்குள் நீங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

சம்பந்தி, இது கஞ்சத்தனம் இல்லை. வெளிநாட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம். லிஃப்ட் ரிப்பேர் வேலைக்காக அங்கே ஆறு வருஷம் இருந்தேன் அல்லவா, ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரம்மா பஸ் ஓட்டுபவர், அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர். வாடகையில் சாயங்காலச் சாப்பாடும் சேர்த்தி. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அந்தம்மா எல்லோரையும் "இன்னும் வேணுமா?" என்று கேட்பார். முதல் நாள் நான் தலையை ஆட்டி "ஐயோ, வேண்டாம்" என்றேன். அந்தம்மா பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். நான் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சக்காரங்க என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க லிஃப்ட் சத்தத்தைவிட என் வயிற்றுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது, கூட வேலை பார்த்தவன் மோட்டாரில் கோளாறு என்று கவரைக் கழற்றிப் பார்த்தான்.

ஒரு நாள் சாப்பாடு முடிந்த கையோடு, யாரும் இல்லையென்று ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு ரொட்டியை வாயில் வைத்தேன். பின்னாலேயே அந்தம்மா நின்றார். கோபப்படவில்லை, முகம் வாடிப்போயிற்று. "இப்பத்தானே கேட்டேன், வேண்டாம்னு சொன்னே. என்கிட்ட ஏன் பொய் சொன்னே?" என்று கேட்டார். வாயில் ரொட்டியோடு நின்றேன். பிறந்ததிலிருந்து பந்தியில் நான் சொன்ன 'வேண்டாம்' எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அத்தனையும் பொய்தான், ஆனால் அதைப் பொய் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் "வேணும்" என்றேன். காதெல்லாம் சூடாகிவிட்டது, துணியில்லாமல் நடுத்தெருவில் நின்றது போல இருந்தது. அந்தம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி கரண்டியை நீட்டினார். நம் பக்கத்தில் கேட்கும்போதே கரண்டி தட்டுக்கு மேலே வந்துவிடும், பதில் என்ன சொன்னாலும் சோறு விழும். அதிலே பாசம் இருக்கு, நான் மறுக்கல. ஆனா அந்த வீட்ல கேட்டுட்டு என் வாயைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. நான் சொல்றதுதான் நடக்கும். நம்ம வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பான்னு இருக்கும். அந்தக் கௌரவம் எனக்குப் பிடிச்சுப்போச்சு சம்பந்தி, அதான் ஊருக்குத் திரும்பின பிறகும் விட முடியல. (எழுத்து பேச்சாக மாறுகிறது என்று இவள் கத்தியால் சுட்டிக்காட்டுகிறாள். மன்னிக்கவும்.)

ஆகவே, நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாமல் வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மறுபடியும் வர வேண்டும். இந்தத் தடவை இவளே பரிமாறுவாள். நீங்கள் கையை விரித்தால் விரலிடுக்கில் போடுவாள், எழுந்து ஓடினால் துரத்தி வந்து போடுவாள். என்னை முன்னறையிலேயே உட்கார வைத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் மகளுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம், அவள் நினைத்ததெல்லாம் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களைப் பட்டினி போட்ட பாவி.

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் இவள் வாசித்துத் திருப்தியாகி, கவருக்குப் பசை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். எங்கள் சாப்பாட்டைக் காரணம் காட்டி நீங்களே இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடுங்கள். லிஃப்ட்காரன் வீட்டில் பட்டினி போட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லுங்கள். கெட்ட பெயர் எனக்கே இருக்கட்டும், உங்கள் பெண்ணுக்கு வேண்டாம். என் மகனிடம் சொல்லிவிட்டேன். "அப்போ விட்டுடலாம்ப்பா" என்றான். அவனுக்கு உங்கள் மகளைப் பிடித்திருந்தது, அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

அன்று உங்கள் மகள் கொல்லைக் குழாயில் தட்டைக் கழுவ வந்தபோது நான்தான் கேட்டேன். அதனால் அவளைத் திட்டாதீர்கள். "இந்தக் கல்யாணம் உனக்கு வேணுமாம்மா?" என்றேன். "வேண்டாம் மாமா" என்றாள். "சரிம்மா" என்றேன். குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். நான் இன்னொரு தடவை கேட்பேன், அப்புறம் சமாதானம் சொல்வேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லுங்க மாமா. பொண்ணு பார்க்க வந்த நாள்லேர்ந்து நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். வெக்கப்படறேன்னு சிரிக்கிறாங்க."