சுழி சுத்தமான லேப்டாப்

அவனியாபுரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே போனால் குறைந்தது இருநூறு பேர் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு லேப்டாப். சிலர் அதைத் துண்டில் பொதிந்து கைக்குழந்தையைப் போல அணைத்திருப்பார்கள். ஒரு அம்மா அதன் மூடியில் விபூதிப் பட்டை போட்டு, கறுப்புக் கயிறும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தடுப்பூசி முகாம் என்று நினைத்துவிடாதீர்கள். தடுப்பூசிக்கு இத்தனை பேர் வந்தால் நர்சம்மாக்கள் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார்கள்.

வந்தவர்கள் லேப்டாப்புக்குச் சுழி பார்க்க வந்தவர்கள்.

எங்கள் பக்கம் காளை வாங்கும்போது அதன் உடம்பில் மயிர் சுழிந்திருக்கும் இடங்களைப் பார்ப்பார்கள். இந்த இடத்தில் சுழி இருந்தால் வீட்டுக்கு யோகம், கொஞ்சம் தள்ளி இருந்தால் குடும்பமே காலி. இது எதுவும் காளைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டிருக்கும். இந்த மகத்தான அறிவைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தவர்தான் வெள்ளைத்துரை. மூன்று வருடம் முன்புவரை இதே சந்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். அதையும் குமிழி விழாமல் ஒட்டத் தெரியாது. இன்றைக்கு அவர் லேப்டாப் சாமி.

கடை வாசலில் பலகை தொங்குகிறது. 'லேப்டாப்புக்குச் சுழி பார்க்கப்படும். தோஷ நிவர்த்தி உண்டு. தோஷமுள்ள லேப்டாப்பைக் கொடுத்து, சுழி சுத்தமான லேப்டாப் மாற்றிக்கொள்ளலாம்.' கடைசி வரியைக் கவனியுங்கள். எல்லாச் சாமிகளின் அருளும் கடைசி வரியில்தான் இருக்கும்.

அந்த வரிசையில் நாற்பத்தேழாவது டோக்கனோடு நானும் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வராமல் இருந்திருந்தால் நான் வாங்கிய லேப்டாப் தனியாக வந்திருக்கும். தனியாக வந்தால் திரும்பியிருக்காது.

கதை இதுதான். என் அண்ணன் ஜெயபாண்டி கீழக்குயில்குடியில் விவசாயம் பார்க்கிறார். அவர் மகள் சத்யப்ரியாவுக்கு மதுரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க இடம் கிடைத்தது. திங்கட்கிழமை வகுப்பு. அத்தை முறைக்குக் கொலுசு போடுவது வழக்கம். கொலுசில் புரோகிராம் எழுத முடியாது என்பதால் நான் லேப்டாப் வாங்கினேன்.

அதையும் சும்மா வாங்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளில் ஏறி இறங்கினேன். முதல் கடையில் கீபோர்டுக்கு அடியில் கலர் கலராக லைட் எரிகிற ஒன்றைக் காட்டினார்கள். பொங்கலுக்குக் கட்டுகிற சீரியல் செட் மாதிரி இருந்தது, விலை ஒரு ஜோடிக் காளை. இரண்டாவது கடையில், "பொம்பளப் பிள்ளைக்குத்தானக்கா, ரோஸ் கலர் இருக்கு" என்றார்கள். ரோஸ் கலர் கணக்குப் போடுமா என்று கேட்டேன். கடைசியில் அதே கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பெண்ணைப் பிடித்து விசாரித்தேன். அவள் சொன்னது: "ரேம் எட்டு இருந்தாப் போதும்க்கா, எஸ்எஸ்டி இருக்கணும், கீபோர்டு உறுதியா இருக்கணும், பக்கத்துலயே சர்வீஸ் சென்டர் இருக்கணும். மிச்சமெல்லாம் ஸ்டிக்கர்." பதினாலு மாதச் சேமிப்பில் அப்படி ஒன்றை வாங்கினேன். சத்யா அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். முதல் நாளே புரோகிராம் போட்டு என் பெயரை ஐம்பது முறை திரையில் வரவைத்தாள். முனீஸ்வரி, முனீஸ்வரி, முனீஸ்வரி. எனக்குக் கொலுசு போட்ட மாதிரி இருந்தது.

பொறுக்குமா ஊருக்கு? பக்கத்து வீட்டு ராக்கம்மாள் வந்து, "சுழி பாத்தீகளா?" என்று மதினியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை.

"மாட்டுக்கே சுழி பாக்காம வாங்குனதில்ல, முனீஸு" என்றார் அண்ணன். "இது கன்னுக்குட்டிய விட வெல."

"கன்னுக்குட்டிக்கு ஒரு வருசம் வாரண்டி குடுத்தாய்ங்களாண்ணே?"

"ஒனக்கு எல்லாமே வெளையாட்டு."

இப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

உள்ளே சாமி காவி டீசர்ட்டில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் உருத்திராட்ச மாலை, அதன் நடுவில் ஒரு பென் டிரைவ். வலது மணிக்கட்டில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு செம்புத் தாயத்து. பின்னால் அலமாரியில் பன்னிரண்டு பழைய லேப்டாப்புகள், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு, எல்லாத் திரைகளும் எரிந்துகொண்டிருந்தன. அவைதான் சுழி சுத்தமானவை.

எங்களுக்கு முன்னால் மலைச்சாமி என்ற லோடு வண்டிக்காரர். மகனுக்கு வாங்கிய புது லேப்டாப்பை நீட்டினார். சாமி அதைக் கவிழ்த்து, அடியில் காற்று போகிற ஓட்டைகளைத் தடவினார்.

"சுழி எடது பக்கம் சுத்துது. எரியவிட்டு வையி, பாப்போம்."

திரை எரிந்தது. சாமி கண்ணை மூடி, எதையோ முணுமுணுத்து, வலது கையைக் கீபோர்டுக்கு மேலே கொண்டுவந்து ஓரமாக இறக்கினார். திரை பட்டென்று இருண்டது. கையை எடுத்தார். மறுபடி எரிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"தோஷம்" என்றார் சாமி. கரண்ட் பில் வாசிக்கிற குரலில் சொன்னார்.

மலைச்சாமி ஒரு கேள்வி கேட்கவில்லை. புது லேப்டாப்பைக் கொடுத்து, மேலே பத்தாயிரமும் கொடுத்து, சாமி இடது கையை வைத்துப் பார்த்துத் தந்த, இரண்டு விசைகள் பெயர்ந்த பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்தது எங்கள் முறை. சத்யா லேப்டாப்பைக் கொடுக்கும்போது விரல்களை மெதுவாகத்தான் எடுத்தாள். அதே தடவல். அதே முணுமுணுப்பு. வலது கை இறங்கியது. திரை இருண்டது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு நொடி திக்கென்றது. வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை. இவர் கை பட்டதும் ஏன் ஆகிறது? பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காகச் சாமி என்று சொல்லிவிடுவேனா? தெரியவில்லை என்றால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாமி சத்யாவை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கும் இந்த மிசினுக்கும் ஆகாது தாயி. ஒண்ணு மிசின மாத்தணும். இல்ல, படிப்ப மாத்தணும்."

மதினி உடனே அண்ணன் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல? டி. கல்லுப்பட்டில எங்க அண்ணன் மகன் பொண்ணு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். இந்தப் படிப்பு நம்மளுக்கு எதுக்குன்னு கேட்டனா இல்லயா?"

சத்யா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். லேப்டாப் போனால் இன்னொரு பதினாலு மாதத்தில் சேர்த்துவிடலாம். இந்த ஆள் ஒரே வாக்கியத்தில் அவளுடைய மூன்று வருடத்தைப் பிடுங்கி, கல்லுப்பட்டிக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "மிசினையே மாத்திப்புடுவோம் சாமி."

சாமி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். அதன் மேல் இடது கையை வைத்தார். திரை சுடர்விட்டு எரிந்தது. "பாத்தியா, அசையல. சுழி சுத்தம்."

இடது கை. மலைச்சாமிக்குக் கொடுத்ததையும் இடது கையால்தான் பார்த்தார். நம் பொருளுக்கு ஒரு கை, அவர் பொருளுக்கு ஒரு கை. ஏன்?

அதற்குள் மதினி விபூதி வாங்கக் குனிந்தார். மதினியின் வளையலில் எப்போதும் ஏழெட்டு ஊக்குகள் தொங்கும். சேலை நழுவினால், பை அறுந்தால், பிள்ளையின் பித்தான் போனால், எல்லாவற்றுக்கும் வைத்தியம் அந்த வளையலில்தான். சாமி வலது கையால் விபூதி கொடுத்தார். ஏழெட்டு ஊக்குகளும் ஒன்றாக எழுந்து அந்தத் தாயத்தில் போய் ஒட்டிக்கொண்டன.

மதினிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "சாமி என்னைய இழுக்குதுங்க."

கூட்டம் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி கையை உதறினார். மதினியின் கையும் கூடவே போய்வந்தது. சாமி முகத்தில் முதல்முறையாக வேர்வை.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. செம்பு ஊக்கை இழுக்காது. பள்ளிக்கூடத்தில் படித்தது. அப்படியானால் செம்புக்குள்ளே வேறு ஏதோ இருக்கிறது. எங்கள் ஆபீசில் ஒருநாள் மேனேஜர் தன் போனை லேப்டாப் மேல் வைத்தார், திரை இருண்டது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கனகாக்கா வந்து போனை எடுத்தார், எரிந்தது. போன் கவரில் காந்தம் இருந்திருக்கிறது. லேப்டாப் மூடியிலும் ஒரு சின்னக் காந்தம் உண்டாம். அதுவோ வேறு காந்தமோ கீபோர்டு ஓரத்துக்குப் பக்கத்தில் வந்தால், மூடிவிட்டார்கள் என்று நினைத்து மிஷின் தூங்கப் போய்விடுமாம்.

"அண்ணே" என்றேன். சாமியைத்தான். அண்ணே என்றதும் கூட்டம் என்னை முறைத்தது. "எங்க லேப்டாப்ப எடது கையால ஒருக்காப் பாருங்க."

"சோதனைக்கு வலது கைதான் தாயி."

"சரி, அந்தச் சோதனைக் கைய ஒங்க லேப்டாப் மேல வைங்க."

"அது ஏற்கெனவே சோதிச்சது."

நான் ஜெயபாண்டி அண்ணன் பக்கம் திரும்பினேன். "ஏண்ணே, மாடு வாங்கப் போனா வித்தவன் சொன்னதும் கயித்தப் புடிச்சுட்டு வந்துருவியா? பல்லப் பாக்க மாட்ட? நடக்கவிட்டுப் பாக்க மாட்ட?"

அண்ணன் யோசித்தார். பாவம், மாட்டு விஷயத்தில் அவர் பொய் சொல்ல மாட்டார். "பாப்போம்ல. நாமதான் பாக்கணும். விக்கிறவனையே பாக்கச் சொல்ல மாட்டோம். சாமி, அவ கேக்குறதுல ஞாயம் இருக்கு, ஒருக்கா வைங்களேன்."

சாமி தாயத்தைத் துண்டால் மூடினார். "இன்னிக்குச் சக்தி தீந்துபோச்சு. அடுத்த வெள்ளி வாங்க."

"நாப்பத்தேழு பேருக்குள்ளயா? எங்கண்ணன் டார்ச் லைட்டு கூட இதவிட நேரம் நிக்கும்" என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமிக்கூட்டத்தில் முதல் சிரிப்பு வருவதுதான் கஷ்டம். வந்துவிட்டால் மற்றது தானாக நடக்கும்.

சத்யாவின் காதில் இரண்டு வாக்கியம் சொன்னேன். அவள் நிமிர்ந்தாள். "அப்பா, ஒங்க போனக் குடுங்க."

அண்ணனின் போன் கறுப்புக் கவர் போட்டது. மடக்கினால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும் மூடி. சத்யா எங்கள் லேப்டாப்பின் வலது ஓரத்தில், சாமி கை வைத்த அதே இடத்தில், அந்த மூடியை வைத்தாள். திரை இருண்டது. எடுத்தாள். எரிந்தது. மந்திரம் இல்லை, முணுமுணுப்பு இல்லை.

"இப்ப அதுகளப் பாப்போமா?" என்று அலமாரியைக் காட்டினாள்.

சாமி எழுந்து குறுக்கே வந்தார். மலைச்சாமி அவரை விட வேகமாக எழுந்து குறுக்கே வந்தார். "பிள்ள பாக்கட்டும்யா" என்றார். மூட்டை தூக்கிய தோள், சாமி உட்கார்ந்துவிட்டார்.

சத்யா முதல் லேப்டாப்பின் ஓரத்தில் போனை மெதுவாக நகர்த்தினாள். ஓர் இடத்தில் திரை இருண்டது. இரண்டாவது, இருண்டது. மூன்றாவதில் இடம் வேறு, கொஞ்சம் தேடினாள், அதுவும் இருண்டது. சந்தனப் பொட்டு வைத்த பன்னிரண்டும் வரிசையாகக் கண்ணை மூடித் திறந்தன.

"தோஷம்" என்றாள் சத்யா பன்னிரண்டு முறை. அதே கரண்ட் பில் குரலில்.

சாமி கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "அந்த போன்லயும் சக்தி இருக்கு."

"எரநூறு ரூவா சக்தி" என்றார் அண்ணன். "திருமங்கலத்துல ரோட்டோரம் வாங்குனது."

மலைச்சாமி சாமி கையிலிருந்து தாயத்தைக் கழற்றி, கல்லால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளிருந்து பட்டன் மாதிரி ஒரு காந்தம் உருண்டு வந்து மதினியின் வளையல் ஊக்குகளில் ஒட்டிக்கொண்டது. மதினி இந்தத் தடவை சிலிர்க்கவில்லை. பிய்த்து எறிந்தார்.

பின் அறையைத் திறந்தார்கள். தோஷம் பிடித்த புது லேப்டாப்புகள் நாற்பதுக்கு மேல். எல்லாவற்றிலும் விலைச் சீட்டு ஒட்டி, விற்க ரெடியாக இருந்தன. தோஷம் அடுத்து வாங்குகிறவனைப் பிடிக்காது போலிருக்கிறது, கொடுத்தவனைத்தான் பிடிக்கும். மலைச்சாமி தன்னுடையதையும் பத்தாயிரத்தையும் கையோடு வாங்கிக்கொண்டார். மற்றவர்களுக்காகப் போலீசுக்கு நானே போன் செய்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது வரிசையில் நின்ற ஒருவர் ஓடிவந்தார். கையில் துண்டில் பொதிந்த லேப்டாப். அண்ணன் காதருகே குனிந்து கேட்டார்.

"அண்ணே, அந்த போன வச்சு நம்ம மிசினுக்கும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களேன். எம்புட்டுன்னாலும் தாரேன்."

அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானும் போட்டுக்கொண்டார். வில்லாபுரம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"முனீஸு, அப்ப மாட்டுச் சுழி?"

"நீயே பாத்துச் சொல்லு, அண்ணே."

மதினி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, "திங்கக்கிழம எத்தன மணிக்குடி பஸ்ஸு?" என்று மகளைக் கேட்டார். ஏழே கால் என்றாள் சத்யா, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு.

எனக்கு அந்தத் துண்டுக்காரர் நினைப்புத்தான். காந்தத்தைக் காட்டினால் லேப்டாப்பும் தூங்குகிறது, நாமும் தூங்குகிறோம். லேப்டாப்பைக் குறை சொல்ல மாட்டேன். காந்தத்தை எடுத்ததும் அது விழித்துக்கொள்கிறது.