மாவுப்பூச்சியின் ஆயுசும் மாமனாரின் தோட்டமும்

நிச்சயமான மாப்பிள்ளை கல்யாணம் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், ஏரியூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் மரவள்ளி தப்பித்திருக்கும். சட்டம் இல்லை. நான் திறந்தேன்.

அப்போது வேளாண்மைப் பட்டம் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. மொரப்பூரில் ஓர் அறையைப் பிடித்து ‘பயிர் ஆலோசனை மையம்’ என்று போர்டு மாட்டியிருந்தேன். (உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்.) சுமதியோடு நிச்சயம் முடிந்து, வைகாசியில் கல்யாணம். பங்குனியில் ஒருநாள் மாமனார் போன் செய்தார்.

“மாப்ள, மரவள்ளியில நாலஞ்சு செடி நுனியில வெள்ளையா மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க. ஒருக்கா வந்து பாத்தீங்கன்னா நல்லாருக்கும்.”

இஸ்திரி போட்ட சட்டையில் போய் இறங்கினேன். மாவுப்பூச்சிதான். நுனியைக் கிள்ளி எரித்துவிட்டு வேப்பெண்ணெய் அடித்தால் தீர்ந்தது. ஆனால் அதைச் சொல்லப் பட்டம் எதற்கு? மோட்டார் ரூம் திட்டில் லேப்டாப்பை வைத்து, ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்த வரைபடத்தைக் காட்டினேன்.

“பாருங்க மாமா, வெப்பம் ஏற ஏறப் பூச்சியோட ஆயுசு இறங்குது. இனி அடிக்கப்போற வெயிலுக்கு அதுவே செத்துரும்.”

“எதுக்கும் நுனியக் கிள்ளி நெருப்புல போட்டுரட்டுங்களா?”

“வேணாங்க மாமா. வெயிலு பாத்துக்கும்.”

அவருக்கு முப்பது வருஷ விவசாயம். எனக்கு லேப்டாப். லேப்டாப் ஜெயித்தது. “மாப்ள படிச்சவரு” என்று மாமனார் அக்கம்பக்கத்திலும் பெருமையாகச் சொல்ல, அவர்களும் ஸ்பிரேயரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

சித்திரை வெயில் என் சொல்லைத் தட்டாமல் அடித்தது. மூன்று வாரம் கழித்துப் போனபோது தோட்டத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது போலிருந்தது. நுனிகளெல்லாம் கோஸ் மாதிரி சுருண்டு நின்றன. வரப்பில் ஏழெட்டுப் பேர். பக்கத்துத் தோட்டக்காரர் நிதானமாகக் கேட்டார்: “ஆயுசு கொறையும்னு சொன்னீங்களே தம்பி. யாரோட ஆயுசுங்க?”

சுமதியும் அவள் அம்மாவும் வரப்புக்கு வந்திருந்தார்கள். சுமதி பி.காம். அதுவரை என்னோடு பத்து வார்த்தை பேசியிருப்பாள். “அந்தப் படத்தக் காட்டுங்க” என்றாள். காட்டினேன். அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாள். (நான் போகாத பக்கம்.)

“இங்க இன்னொரு கோடு இருக்குதுங்களே. வெப்பம் ஏறுனா முட்டை பூச்சியாகற நாளும் கொறையுது. சீக்கிரம் சாகுது, சரி. அதுக்குள்ள சீக்கிரமா முட்டையும் வச்சிருதே. அது பொரிஞ்சு வர்றதும் அதே மாதிரிதானே? அப்போ வெயில்ல பெருகத்தானே செய்யும்?”

“ரொம்ப அதிக வெப்பம்னா அதால தாங்க முடியாதுங்க” என்றேன்.

“அந்த வெப்பத்துல செடி தாங்குமா?”

நான் செடியைப் பார்த்தேன். அவள் மேலும் படித்தாள். “இந்தப் பூச்சிக்கு ஆணே தேவையில்லையாம். பொண்ணு மட்டுமே பெருக்கிக்குமாம்.”

மாமியார் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். “பூச்சிக்கு இருக்கற வசதி நமக்கு இல்ல பாரு. பத்திரிகை வேற அடிச்சாச்சு” என்றார்.

கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாளே லுங்கியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பத்து நாள் நுனி கிள்ளி, எரித்து, முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்து வேப்பெண்ணெய் அடித்தேன். மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. மத்தியானமானால் மோர் மட்டும் கொடுத்தனுப்பினார். அதுதான் அதிகம் வலித்தது. பாதித் தோட்டம் பிழைத்தது. முகூர்த்தப் படத்தில் மாப்பிள்ளை கரிக்கட்டை நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு வருஷம் கழித்து, அக்கினி நட்சத்திரத்தில் சுமதிக்குப் பிரசவம். இரட்டைக் குழந்தைகள். மாமனார் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, கூட வந்த பக்கத்துத் தோட்டக்காரரிடம் சாதாரணமாகச் சொன்னார்:

“வெயில் காலம் பாருங்க.”

வார்டில் சுமதிதான் முதலில் சிரித்தாள். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். இன்றைக்கும் சொந்தத்தில் யாராவது உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தால், மாமியார் என்னைப் பார்த்துக்கொண்டே முதலில் கேட்பது, “பிரசவம் எந்த மாசம்?” சித்திரை, வைகாசி என்று பதில் வந்தால், அந்த வீட்டில் இரண்டு தொட்டிலுக்குச் சொல்லிவைக்கிறார்கள்.